இறால் பண்ணை போடலாமுங்களா? நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பது வருடம் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் தீவனம் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். குட்டை குட்டையாகப் போய்த் தண்ணீரைப் பரிசோதிப்பதும், எவ்வளவு தீவனம் போடுவது என்று சொல்வதும் என் வேலை. இப்போது ஊர் திரும்பி, சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குப் பக்கம்தான்.

கல்யாண வீட்டிலும் மஞ்சள் மண்டியிலும் என்னைப் பிடித்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். பணம் போடுவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

"எறாப் பண்ணைன்னா என்னங்க? மீன் குட்டை மாதிரிதானே?"

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். நடத்தும் விதத்தில் நாமக்கல் கோழிப்பண்ணைக்குத்தான் நெருக்கம். கொஞ்ச இடத்தில் நிறைய உயிர், வெளியிலிருந்து வாங்கிய தீவனம், இரவும் பகலும் மின்சாரம். தண்ணீரில் ஆக்சிஜன் குறையாமலிருக்க ஏரேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். குஞ்சு விட்டதிலிருந்து பிடிக்கும்வரை 100 முதல் 120 நாள்.

பின்னால் வரும் பதில்களுக்கும் உதவும் என்பதால் ஒரு கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் இரண்டரை ஏக்கர் குட்டை. சதுர மீட்டருக்கு 40 குஞ்சு வீதம் 4 லட்சம் குஞ்சு. அதில் 3 லட்சம் பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் வந்தால் 6 டன் இறால். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்தால் 9 டன் தீவனம் உள்ளே போகும். இது நன்றாக நடந்த பண்ணையின் கணக்கு.

"லாபம் நெசமாலுமே இருக்குதுங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா?"

இருக்கிறது. இல்லையென்றால் இத்தனை பேர் போகமாட்டார்கள். 2023-24ல் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 60,000 கோடி ரூபாய்க்குக் கடல் உணவு ஏற்றுமதியானது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். ஆந்திராவில்தான் வளர்ப்பு மிக அதிகம், அடுத்துத்தான் மற்ற மாநிலங்கள். ஒரே போகத்தில் கடனை அடைத்து வீடு கட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் விலை நம் கையில் இல்லை. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்ற 'கவுண்ட்' கணக்கில்தான் விலை போடுவார்கள். 20 கிராம் வந்தால் 50 கவுண்ட். நோய் பயத்தில் 10 கிராமிலேயே பிடித்தால் 100 கவுண்ட், விலை பாதாளத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் அமெரிக்காவில் என்ன நடக்கிறது, ஈக்வடார் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு விழுந்த அதே அடி, அதே வாரத்தில் இறாலுக்கும் விழுந்தது. பனியனில் பணம் போட்ட குடும்பம் இறாலிலும் போட்டால், இரண்டையும் ஒரே கூடையில் வைத்த மாதிரிதான்.

"கோழிக்கு ஊசி போடற மாதிரி எறாவுக்கும் போட்டா நோய் நிக்காதுங்களா?"

நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு மாமா கேட்டது. நல்ல கேள்வி. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டால் அதன் உடம்பு அந்த நோயை நினைவில் வைத்து எதிர்க்கும். இறாலுக்கு அப்படி நினைவு வைக்கும் எதிர்ப்பு சக்தி கிடையாது. அதனால் கோழிக்குப் பண்ணுவது போல ஊசி போட்டுக் காப்பாற்ற முடியாது. நோயில்லாத குஞ்சு வாங்குவது, தண்ணீரைச் சுத்தமாக வைப்பது, நெருக்கத்தைக் குறைப்பது, இவ்வளவுதான் வழி.

1994-95ல் வெண்புள்ளி வைரஸ் வந்தபோது அப்போது வளர்த்துக்கொண்டிருந்த டைகர் இறால் குட்டை குட்டையாகச் செத்தது. நோய் கண்ட நாலைந்து நாளிலேயே குட்டை காலியாகிவிடும். 2009ல் வனாமி என்ற இறாலை அரசு அனுமதித்தது. மெக்சிகோவிலிருந்து பெரு வரையுள்ள பசிபிக் கரைதான் அதற்குச் சொந்த ஊர். தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து இறக்கி, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் குஞ்சு உற்பத்திக்குக் கொடுக்கிறார்கள். அதிலும் வெண்புள்ளி வருகிறது. வளர்ச்சியை அப்படியே நிறுத்திவிடும் ஈஎச்பி என்ற நுண்ணுயிரி வேறு வந்துவிட்டது. அது வந்தால் இறால் சாகாது. ஆனால் தீவனம் தின்றுகொண்டே வளராமல் இருக்கும். செத்துப்போவதைவிட இதில் நஷ்டம் அதிகம் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள்.

கால்வாயோரம் வரிசையாக இருக்கும் குட்டைகளில் ஒருவர் வெளியே விடும் தண்ணீரைத்தான் அடுத்தவர் உள்ளே இறைக்கிறார். ஒருவர் குட்டைக்கு நோய் வந்தால் பத்து நாளில் எல்லாருக்கும் வரும்.

"குட்டைத் தண்ணி அப்படி என்னங்க கெடுக்கும்? சாணித் தண்ணி மாதிரி உரம்தானே?"

முதல் கேள்வியில் சொன்ன 9 டன் தீவனத்துக்கு வருவோம். அதில் 35 சதவீதம் புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்று வைத்தால், உள்ளே போகும் நைட்ரஜன் சுமார் 500 கிலோ. பிடித்து வெளியே எடுக்கும் 6 டன் இறாலில் 180 கிலோதான் இருக்கும். மீதி 320 கிலோ குட்டைச் சேற்றிலும் தண்ணீரிலும் காற்றிலும் போகிறது. ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு 150 கிலோ நைட்ரஜன் போடச் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஒரே போகத்தில் ஒரு குட்டையிலிருந்து கழிவாகிறது.

சரி, உரம்தானே, தென்னைக்கு விடலாமே என்றால், அது உப்புத் தண்ணீரில் கரைந்த உரம். ஒன்றரை மீட்டர் ஆழக் குட்டையில் ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 15 கிராம் உப்பு இருந்தால் மொத்தம் 225 டன். சாணித் தண்ணீரில் அது இல்லை.

"கடலோரத்துல என்னதான் நடந்துச்சு? பெரிய கேஸ் எல்லாம் ஆச்சாமே?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காவிரிக் கடைமடையில் நெல் வயல்களைக் கம்பெனிகள் வாங்கிக் குட்டை வெட்டின. ஒரு வயல் குட்டையானதும் பக்கத்து வயலுக்கு உப்பு கசியும். அவருக்கு நெல் விளையாது, அவரும் விற்பார். ஊர்க் கிணறு உப்பாகும், பெண்கள் குடத்தோடு தூரம் போவார்கள். ஆடு மாடு மேய்ந்த புறம்போக்குக்கு வேலி விழும். கடலுக்குப் போகும் வழியே மறிக்கப்பட்டது என்று மீனவர்கள் சண்டை போட்டார்கள். அதிகம் அடிபட்டவர்கள் நிலமில்லாத கூலிக்காரர்கள். நாற்று நட, களை பறிக்க, அறுக்க என்று நெல் வயலில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்பது நமக்குத் தெரியும். குட்டைக்குக் காவலுக்கு ஒருவர், தீவனம் போட ஒருவர் இருந்தால் போதும்.

இதை எதிர்த்து நின்றவர்கள் காந்தியவாதி ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காக வாழ்நாளைக் கொடுத்தவர்கள். வாங்கிக் கொடுத்த நிலத்துக்குப் பக்கத்திலேயே உப்பு வந்து நின்றபோது அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்ற வேண்டும், பழைய பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு, விளைநிலத்தையும் சதுப்புநிலக் காட்டையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். பழவேற்காடு ஏரியைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றும் சொன்னது.

அந்த வழக்கில் நீரி என்ற தேசிய ஆராய்ச்சி நிறுவனம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. இறாலால் வரும் வருமானத்தைவிட அதனால் நிலத்துக்கும் தண்ணீருக்கும் பிழைப்புக்கும் ஆகும் சேதம் பெரிது என்பதுதான் அதன் முடிவு. நான் வேலை பார்த்த காலத்தில் பண்ணைக்காரர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் நோட்டில் குஞ்சு, தீவனம், டீசல், கூலி எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். பக்கத்து ஊர்க் கிணறு மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

"கோர்ட்டே எடுக்கச் சொல்லியும் இன்னும் எப்படிங்க ஓடுது?"

தீர்ப்புக்குப் பிறகு மறுஆய்வு மனுக்கள் போயின. அப்புறம் 2005ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆணையத்தின் தலைமையிடம் சென்னை. அங்கே பதிவு செய்துதான் கடலோரத்தில் பண்ணை நடத்த முடியும். வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது என்பது போன்ற விதிகளும் வந்தன. விதியை மதிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நடுராத்திரியில் மதகைத் திறந்து ஓடையில் விடும் குட்டைகளுக்கும் நான் தீவனக் கணக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் அந்த வேலையில் இருக்க மனம் வரவில்லை.

"கடல் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். நமக்கென்னங்க வந்துச்சு?"

இரண்டு காரணம். ஒன்று, பணம் இங்கிருந்து போகிறது. கடலோரக் குட்டைகளில் பங்கு போட்டவர்களில் நம்ம பக்கத்து ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, உப்பு ஒரு ஊரை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் 20,000 ஏக்கர் பாசனத்துக்கு என்று ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் நொய்யலில் வந்து அதில் தேங்கியது. அணைக்குக் கீழே தென்னை கருகியது, மாடு அந்தத் தண்ணீரைத் தொடவில்லை, நன்றாக இருந்த கிணறுகள் உப்பாயின. கடைசியில் அணையில் தண்ணீர் தேக்கவே கூடாது என்று பாசன விவசாயிகளே வழக்குப் போட வேண்டி வந்தது. வேதாரண்யத்தில் உப்புப் பூத்த வயலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் கீழ்வயல்தான் ஞாபகம் வந்தது.

"எங்க போர்ல உப்புத் தண்ணிதானுங்க வருது. வெள்ளாமைக்கே ஆகாத தண்ணில எறா விட்டா என்ன தப்பு?"

அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. வளருமா என்றால் வளரும். வனாமி லிட்டருக்கு ஓரிரு கிராம் உப்பிலும் தாக்குப்பிடிக்கும். ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தானில் உப்பு நிலத்தடி நீரில் வளர்க்கிறார்கள். ஆனால் நிலத்தடி உப்பு கடல் உப்பு அல்ல. அதில் பொட்டாசியம் மிகக் குறைவு, நம் பக்கத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தோல் உரிக்கும்போது குஞ்சு செத்துக்கொண்டே இருக்கும். பொட்டாஷும் மெக்னீசியமும் மூட்டை மூட்டையாகப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும்.

அது செலவோடு போகும். உப்பு போகாது. உங்கள் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு என்று வைப்போம். ஒரு ஹெக்டேர் குட்டையை நிரப்ப ஒன்றரைக் கோடி லிட்டர், அதில் 45 டன் உப்பு. நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 120 நாளில் 60 சென்டிமீட்டர் குறையும். அதை ஈடுகட்ட இன்னும் 60 லட்சம் லிட்டர், 18 டன் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே நிற்கும். ஆக, ஒரு போகத்துக்கு 63 டன். பத்து டன் லாரியில் ஆறு லோடுக்கும் மேல். கடலோரத்திலாவது கடைசியில் கடல் இருக்கிறது. இங்கே இந்த ஆறு லாரி உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

"அது ஏற்கெனவே நம்ம பூமிக்குள்ள இருந்த உப்புதானே" என்று ஒருவர் மடக்கினார். இருந்தது, எண்ணூறு அல்லது ஆயிரம் அடிக்குக் கீழே, பாறைக்குள். அதை நீங்கள் மேலே எடுத்து, அறுபது எழுபது அடிக் கிணறுகள் இருக்கும் மண்ணில் விடுகிறீர்கள். நம் பூமி சரிவானது, செம்மண்ணுக்கும் சரளைக்கும் கீழே பாறை. கசிந்தால் அடுத்த தோட்டத்துக் கிணற்றில்தான் போய் நிற்கும். ஹரியானாவில் பல இடங்களில் உப்புத் தண்ணீர் மேலேயே தேங்கி ஏற்கெனவே புல் முளைக்காத நிலத்தில் குட்டை வெட்டினார்கள். கொழுக்கட்டைப்புல் முளைக்கும் நம் மேய்ச்சல் நிலமான கொரங்காடு அப்படிப்பட்ட நிலம் இல்லை. அதை வெட்டிக் குட்டையாக்குவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நொய்யல் கரைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதில் சாயக் கழிவும் இருக்கலாம், பேச்சே வேண்டாம்.

"அடியில தார்ப்பாய் விரிச்சு பயோஃப்ளாக் போட்டா கசியாதுங்களே?"

கசியாது, உண்மை. பயோஃப்ளாக்கில் வெல்லம் அல்லது மொலாசஸ் போட்டு நல்ல பாக்டீரியாவை வளர்ப்பார்கள். அது கழிவு நைட்ரஜனைத் தின்று தானே இறாலுக்கு உணவாகும், தண்ணீர் மாற்றுவது மிகவும் குறையும். நல்ல முறைதான். ஆனால் அந்தத் தண்ணீருக்குக் காற்று ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கவில்லையென்றால் கொஞ்ச நேரத்தில் மொத்தமும் போய்விடும். தோட்டத்து இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குத்தான், ஏரேட்டருக்கு அல்ல. கடைசியில் தொட்டியைக் கழுவும்போது மேலே சொன்ன உப்புக் கேள்வி திரும்ப வரும். அளவு குறைந்திருக்கும், கேள்வி மாறாது.

"உப்பே வேண்டாம், ஆத்து எறா வளர்த்தா?"

இதைத்தான் யோசிக்கலாம் என்கிறேன். நன்னீர் இறால் வளர உப்பு தேவையில்லை, அதன் குஞ்சுப் பருவத்துக்கு மட்டும்தான் உவர்நீர் வேண்டும். காவிரியிலேயே ஆற்று இறால் ஒரு காலத்தில் நிறைய இருந்தது. அணைகள் வந்து கழிமுகத்துக்குப் போய்வரும் வழி அடைபட்டதும் குறைந்துவிட்டது. சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று என்று, கெண்டை மீனோடு சேர்த்து விடலாம். குட்டைத் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். சாணித் தண்ணீர் மாதிரிதானே என்று கேட்டீர்களே, அது இதற்குப் பொருந்தும்.

வனாமி மாதிரி டன் கணக்கில் வராது. தோல் உரித்த இறாலை மற்றது தின்னும், ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வளரும். பண்ணைக் குட்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குக் கைச்செலவுக்கு ஆகும்.

"மானியம் குடுக்கறாங்களாமே?"

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் உண்டு. அரசு நிர்ணயித்த திட்டச் செலவில்தான் அந்தக் கணக்கு. நோய் வந்து போகம் போனால் மானியம் காப்பாற்றாது. மானியத்துக்காகத் தொழில் தொடங்காதீர்கள்.

"நாம பணம் மட்டும் போட்டா மாசாமாசம் குடுத்துருவாங்களாம், குட்டை அவுங்க பாத்துக்குவாங்களாம்..."

அம்மிணி, 2012ல் பெருந்துறை ஈமு கோழி மோசடியில் பணம் போட்டவர்கள் கதி என்ன ஆனது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கோழி, முட்டை, எண்ணெய் எல்லாம் வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும், இறால் வளர்ப்பில் மாதாமாதம் நிச்சய வருமானம் என்று ஒன்று இருக்கவே முடியாது. அப்படி ஒருவர் உறுதி கொடுத்தால், அந்தப் பணம் இறாலிலிருந்து வரப்போவதில்லை.

"பக்கத்துத் தோட்டத்துல குட்டை வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பங்காளிதான், சண்டை போடவும் முடியல. என்னங்க பண்றது?"

குட்டையில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் உங்கள் கிணறு, போர் இரண்டின் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்து, கரைந்த உப்பின் அளவை எழுத்தில் வாங்கி வையுங்கள். மண்ணையும் சோதித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். நொய்யலில் எங்களுக்கு நேர்ந்த பெரிய கஷ்டமே, முன்னால் எங்கள் தண்ணீர் நன்றாக இருந்தது என்று காட்டக் காகிதம் இல்லாததுதான்.

அப்புறம் பங்காளியிடம் ஒரே ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: பிடித்து முடித்த பிறகு தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள்? பதில் இருந்தால் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"அப்போ எறா திங்கறதே தப்புங்களா?"

இல்லை. கோவை உக்கடம் மீன் சந்தையில் வாங்கி நானும் சாப்பிடுகிறேன். தடைசெய்த ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று ஏற்றுமதிச் சரக்கைத்தான் அதிகம் சோதிக்கிறார்கள். 2016ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து போகும் வளர்ப்புச் சரக்கில் பாதியைச் சோதிப்பது என்று ஏற்றியது. உள்ளூரில் விற்பதற்கும் அதே அக்கறை வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

"சாயப்பட்டறைக்காரங்களும் வேலை குடுக்கறோம்னுதான் சொன்னாங்க. வேலையும் வேணும், தண்ணியும் வேணும். ரெண்டும் சேராதுங்களா?"

கேட்டது திருப்பூரில் டெய்லராக இருக்கும் என் மச்சான் மகன். சேரும், ஆனால் கழிவுச் செலவு தொழிலுக்குள்ளேயே வர வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிறகு வந்த சுத்திகரிப்புச் செலவைச் சேர்த்துத்தான் இன்று துணிக்கு விலை போடுகிறார்கள். தொழில் அழியவில்லை.

இறாலிலும் அப்படி முடியும். குஞ்சைக் குறைத்து விடுவது, மொத்த இடத்தில் ஒரு பங்கைக் கழிவுநீர் தெளியும் குட்டைக்கு ஒதுக்குவது, சேற்றைக் காயவைத்து அள்ளுவது. கேரளத்தில் பொக்காளி வயலில் மழைக்காலத்தில் நெல், உப்பேறும் காலத்தில் இறால் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் செய்கிறார்கள். இதையெல்லாம் செய்தால் முதல் கேள்வியில் சொன்ன 6 டன் வராது. அதற்குச் சம்மதிக்கும் முதலாளியிடம் தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று அவனிடம் சொன்னேன். "அப்படிச் செஞ்சா உங்க கெணறு சரியாயிருமா மாமா?" என்று கேட்டான். பட்டறைகளை மூடி இத்தனை வருடம் ஆகியும் எங்கள் கிணற்றில் உப்பு முழுதாக இறங்கவில்லை. சமையலுக்கு இன்றும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர்தான்.